வேகம் இருந்தும் குரல் ஏன் உடைகிறது? மொபைல் அழைப்பின் தரம் பற்றி ஓர் எளிய விளக்கம்

அழைப்பில் குரல் விட்டு விட்டுக் கேட்டால் நம் வாயில் முதலில் வருவது, "நெட் ஸ்லோவா இருக்கு" என்பதுதான். உடனே ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்ப்போம். 40 எம்பிபிஎஸ் என்று காட்டும். சிக்னல் கோடுகளும் முழுதாக நிற்கும். அப்படியும் எதிர்முனையில் இருப்பவர், "ஹலோ, கேட்குதா? உங்க குரல் உடையுது" என்பார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இணையவழிப் பேச்சுக்கு நொடிக்கு 40 கிலோபிட் இருந்தாலே தாராளம். 40 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 40,000 கிலோபிட். தேவையைப் போல் ஆயிரம் மடங்கு கையில் இருந்தும் பேச்சு உடைகிறது என்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறெங்கோ என்பது நேரம். குரலின் ஒவ்வொரு துண்டும் சரியான நேரத்துக்கு வந்து சேர வேண்டும். எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதே இங்கு முக்கியம். இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால், உங்கள் அழைப்பில் நடக்கும் பல விநோதங்களுக்குக் காரணம் தானே விளங்கும்.

சினிமாவும் பேச்சும் ஒன்றல்ல

"யூடியூப் நல்லா ஓடுது, கால் மட்டும் ஏன் கட் ஆகுது?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

யூடியூபில் ஓடும் வீடியோ ஏற்கெனவே எடுத்து முடிக்கப்பட்டது. நீங்கள் பத்தாவது நொடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முப்பதாவது நொடி வரைக்கும் போனுக்குள் இறங்கியிருக்கும். நடுவில் மூன்று நொடி இணையமே நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. கையிருப்பு இருக்கிறது.

பேச்சில் அந்தக் கையிருப்புக்கு வழியே இல்லை. எதிரில் இருப்பவர் இன்னும் வாய் திறந்து சொல்லாத வார்த்தையை எப்படி முன்கூட்டியே இறக்கி வைப்பது? பிறந்தவுடன் புறப்பட்டு, உடனே வந்து சேர்ந்து, உடனே ஒலிக்க வேண்டிய சரக்கு அது. இப்படி நடக்கும் உரையாடலைத்தான் நிகழ்நேரத் தொடர்பு என்கிறார்கள்.

குரல் எப்படிப் போகிறது

ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் ஒருவர் எழுதுகிறார். ஒவ்வொரு தாளையும் எழுதி முடித்ததும் எண் போட்டு ஓர் ஆளிடம் கொடுக்கிறார். அந்த ஆள் நெரிசலான ஒரு நடைவழியைக் கடந்து அடுத்த அறைக்கு ஓடுகிறார். அங்கே இன்னொருவர் தாள்களை வரிசையாக வாங்கி, நிறுத்தாமல் உரக்கப் படிக்கிறார். கேட்பவருக்குப் படிப்பு எங்கும் தடங்கக் கூடாது.

போனில் நடப்பதும் இதுதான். மைக்கில் விழும் குரல் பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் அளவுத் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. மில்லிசெகண்ட் என்றால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக நொடிக்கு 50 துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் கோடெக் சுருக்குகிறது. கோடெக் என்பது ஒலியையோ படத்தையோ அனுப்பும் முனையில் சுருக்கி, வாங்கும் முனையில் விரிக்கும் மென்பொருள். இன்று இணைய அழைப்புகளில் பரவலாக உள்ள ஓப்பஸ் என்ற கோடெக் 2012-ல் தரநிலையானது. நொடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 கிலோபிட் வரை எந்த அளவிலும் அதை ஓட்டலாம்.

சுருக்கிய துண்டுக்கு எண்ணும் நேரமும் குறித்து, முகவரி ஒட்டி அனுப்பினால் அது ஒரு பாக்கெட். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓப்பஸ் 24 கிலோபிட்டில் ஓடினால் ஒரு பாக்கெட்டில் இருக்கும் குரல் வெறும் 60 பைட் (ஒரு பைட் என்றால் 8 பிட்). அதன் மேல் ஒட்டும் முகவரியும் குறிப்புகளும் வழக்கமாக 40 பைட். சரக்கின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு உறை! இவ்வளவு சின்னச் சின்னப் பாக்கெட்டுகளை நொடிக்கு 50 வீதம் தவறாமல் சேர்ப்பதுதான் வேலை. அகலமான சாலை இருக்கிறதா என்பது இதற்குப் பெரிய கேள்வியே இல்லை.

மூன்று நோய்கள்: தாமதம், ஜிட்டர், இழப்பு

அழைப்பில் என்ன கோளாறு வந்தாலும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவோ கலவையாகவோ இருக்கும்.

தாமதம் என்பது நீங்கள் சொன்னது அவர் காதில் விழ ஆகும் நேரம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒரு வழிக்கு 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்குக் குறை தெரியாது. 400-ஐத் தாண்டக் கூடாது. தாமதம் கூடினால் குரல் உடையாது, தெளிவாகவே கேட்கும். ஆனால் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடத் தொடங்குவார்கள். அவர் பேசி முடித்துவிட்டார் என்று நினைத்து நீங்கள் தொடங்குவீர்கள். அதே நொடியில் அவருடைய அடுத்த வாக்கியம் வந்து மோதும். "சரி, நீங்க சொல்லுங்க." "இல்ல, நீங்க சொல்லுங்க." இது மரியாதைப் பிரச்சினை போலத் தெரியும், உண்மையில் தாமதப் பிரச்சினை. பூமிக்கு 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால் இது தப்பவே தப்பாது. மேலே போய்க் கீழே வரவே கால் நொடி ஆகிவிடும்.

தரையில் அப்படியில்லை. கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டரை ஏறக்குறைய 5 மில்லிசெகண்டில் கடந்துவிடும். ஆகவே பெரும்பாலான அழைப்புகளில் தாமதத்துக்குக் காரணம் தூரம் அல்ல, வழியில் எங்கோ வரிசையில் நிற்பதுதான்.

ஜிட்டர் என்பது அந்தத் தாமதம் ஏறி இறங்குவது. முதல் தாள் 40 மில்லிசெகண்டில் வருகிறது, அடுத்தது 45-ல், அதற்கடுத்தது 180-ல். படிப்பவர் என்ன செய்வார்? இரண்டு மூன்று தாள்களைக் கையில் சேர்த்துக்கொண்டு கொஞ்சம் பிந்தித் தொடங்குவார். இந்தச் சின்னக் கையிருப்புக்கு ஜிட்டர் பஃபர் என்று பெயர். நீர் வரத்து கூடிக் குறைந்தாலும் தொட்டி இருந்தால் குழாயில் ஒரே சீராக ஒழுகுவது போல, குரலும் சீராக ஒலிக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: கையில் எத்தனை தாள் வைக்கிறோமோ அத்தனை தாமதம் கூடும்.

இழப்பு என்பது பாக்கெட் வராமலே போவது. இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஏழாவது தாளைப் படிக்க வேண்டிய நேரம் தாண்டிய பிறகு ஏழாவது தாள் வந்தால் அதனால் பயன் இல்லை. தூக்கிப் போட வேண்டியதுதான். பிந்தி வந்த பாக்கெட்டும் தொலைந்த பாக்கெட்டும் பேச்சைப் பொறுத்தவரை ஒன்றே.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குரல் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் போகிறது. அவை பிந்தினால் தாமதம், தாறுமாறாக வந்தால் ஜிட்டர், வராவிட்டால் இழப்பு. ஜிட்டரை மறைக்கக் கையிருப்பைக் கூட்டினால் தாமதம் கூடும். கையிருப்பைக் குறைத்தால் பிந்தி வருபவை எல்லாம் இழப்பாகும்.

"கண்டிப்பாகச் சேரும்" என்பது ஏன் கெடுதல்

இணையத்தில் பாக்கெட் அனுப்ப இரண்டு பழைய முறைகள் உண்டு. டிசிபி என்பது எல்லாம் வரிசையாகச் சேர்ந்தே தீர வேண்டும் என்று நிற்கும் முறை. ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கும். அது வரும்வரை பின்னால் வந்தவற்றையும் நிறுத்தி வைக்கும். வங்கிப் பரிவர்த்தனைக்கும் கோப்புகளுக்கும் இதுதான் சரி. யுடிபி என்பது அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காத முறை.

கேட்டால் முதலாவதுதான் மேல் என்று தோன்றும். பேச்சுக்கு அது ஆகாது. ஏழாவது தாள் தொலைந்ததற்காக எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் வாசலில் காத்து நின்றால், ஒரு துண்டு போன இடத்தில் முழு வாக்கியமே நின்றுபோகும். அதனால்தான் நிகழ்நேர அழைப்புகள் முடிந்தவரை யுடிபியில் ஓடுகின்றன. ஒரு துண்டு போனால் போகட்டும், அடுத்தது நேரத்துக்கு வரட்டும் என்பதே இங்கு விதி. சில நெட்வொர்க்குகளில் யுடிபியை அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே செயலி வேறு வழியில்லாமல் டிசிபிக்கு மாறும், அழைப்பும் அதற்கேற்பத் திணறும்.

மொபைலில் மட்டும் ஏன் இவ்வளவு பாடு

கம்பியில் வரும் இணையத்துக்கும் மொபைல் இணையத்துக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம். டவருக்கும் போனுக்கும் நடுவே இருப்பது காற்றுவெளி. அதை அந்தப் பகுதியில் உள்ள எல்லாப் போன்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. யார் எப்போது பேசலாம் என்று டவர்தான் முறை வைத்துக் கொடுக்கிறது. கூட்டம் கூடினால் உங்கள் முறை பிந்தும். சிக்னல் கோடுகள் டவரின் அலை உங்களுக்கு எவ்வளவு பலமாக வருகிறது என்று மட்டும் சொல்லும். எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லாது. ஃபுல் சிக்னலிலும் அழைப்பு உடைவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று, மேலே போகும் பாதையும் கீழே வரும் பாதையும் சமமில்லை. பெரிய டவரின் ஒலிபரப்பு பல பத்து வாட் வலிமை கொண்டது. சாதாரண 4ஜி போன் அதிகபட்சம் அனுப்புவது 0.2 வாட் அளவு. டவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது டவருக்குச் சரியாகக் கேட்காது. "அவர் பேசுறது எனக்கு நல்லா கேட்குது, நான் பேசுறதுதான் அவருக்குக் கேட்கலையாம்" என்று சொல்லும் பலருக்கு நடப்பது இதுதான். அவருடைய போனில் குற்றம் தேடிப் பயனில்லை. உங்கள் மேல்நோக்கிய பாதையைப் பார்க்க வேண்டும்.

நகர்ந்துகொண்டே பேசினால் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குக் கைமாற்றம் நடக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் சில பத்து மில்லிசெகண்ட் இடைவெளியோடு முடிந்துவிடும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது அப்படியில்லை. உங்கள் இணைய முகவரியே மாறுகிறது. செயலி பாதையைப் புதிதாகத் தேட வேண்டும். அதுதான் அந்த "மீண்டும் இணைகிறது" என்ற அறிவிப்பு.

கண்ணுக்குத் தெரியாத வரிசை

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனென்றால் இதைத்தான் பெரும்பாலும் யாரும் சந்தேகிப்பதில்லை.

போனிலும் டவரிலும் வழியில் உள்ள கருவிகளிலும், அனுப்ப முடியாத பாக்கெட்டுகளைக் காக்க வைக்க இடம் ஒதுக்கியிருப்பார்கள். இழப்பைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் இந்த இடத்தைப் பெரிதாக வைத்தார்கள். விளைவு வேறாகிவிட்டது. நீங்கள் அழைப்பில் இருக்கும்போது, பின்னணியில் போன் உங்கள் படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கிய வேகம் 2 எம்பிபிஎஸ். வரிசையில் 500 கிலோபைட் படங்கள் வந்து நிற்கின்றன. அது 4,000 கிலோபிட். முழுதும் கடக்க 2 நொடி ஆகும். அதற்குப் பின்னால் வந்து நிற்கும் உங்கள் 60 பைட் குரலும் அதே 2 நொடி காத்திருக்க வேண்டும்.

கவனியுங்கள், இங்கே எதுவும் தொலையவில்லை. 2 எம்பிபிஎஸ் வேகம் முழுதாகப் பயன்படுகிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் குறையே தெரியாது, ஏனென்றால் அது சில நொடிகளில் மொத்தம் எவ்வளவு வந்தது, போனது என்று எண்ணிச் சராசரி சொல்கிறது. ஆனால் அழைப்பு செத்துவிட்டது. தேவைக்கு மேல் பெரிய வரிசை இப்படித் தாமதத்தை ஊதிப் பெருக்குவதற்கு பஃபர் வீக்கம் என்று பெயர்.

சுருக்கமாக: மொபைலில் காற்றுவெளி பொதுச் சொத்து, மேல்நோக்கிய பாதை பலவீனம், வரிசைகள் நீளம். இந்த மூன்றையும் சிக்னல் கோடுகள் காட்டாது.

படம் ஏன் கட்டம் கட்டமாகிறது

வீடியோவில் சிக்கல் இன்னும் கூர்மை. நொடிக்கு 30 படங்களையும் முழுதாக அனுப்பினால் தாங்காது. எனவே முதலில் ஒரு முழுப் படம் போகும். இதற்கு ஆதாரச் சட்டகம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதற்குப் பின் போவது எல்லாம் "முந்தைய படத்தில் இந்த இடம் மட்டும் மாறியது" என்ற குறிப்புகளே.

சங்கிலி போன்ற இந்த அமைப்பில் ஒரு கண்ணி அறுந்தால், அதன் பின்னால் வரும் குறிப்புகளுக்கு அர்த்தம் போய்விடும். இல்லாத படத்தின் மேல் மாற்றங்களை வரைந்தால் முகம் கலைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். அல்லது செயலி படத்தை உறைய வைக்கும். மீள்வதற்குப் புது ஆதாரச் சட்டகம் வேண்டும். அதுவோ மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிது. ஏற்கெனவே நெரிசலான பாதையில் பெரிய சுமையை ஏற்றுவது போல அது இன்னொரு நெரிசலை உண்டாக்கலாம்.

செயலி என்ன செய்கிறது

இவ்வளவு இருந்தும் அழைப்புகள் பெரும்பாலும் நடக்கின்றனவே, எப்படி? இரு முனையிலும் உள்ள மென்பொருளின் உழைப்பு அது. உலாவிக்குள்ளேயே குரல், வீடியோ அழைப்பு நடத்த உதவும் வெப்ஆர்டிசி என்ற தொழில்நுட்பத்தை 2011-ல் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்டது. 2021 ஜனவரியில் அது இணையதளங்களுக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையானது. கீழே வரும் உத்திகள் அதிலும் அதைப் போன்றவற்றிலும் உள்ளவை.

முதலில், பாதையின் கொள்ளளவைக் கணித்தல். பாக்கெட்டுகளுக்கு இடையிலான இடைவெளி மெல்ல நீண்டுகொண்டே போனால் எங்கோ வரிசை வளர்கிறது என்று பொருள். இழப்பு நேரும்வரை காத்திராமல், இந்த அறிகுறியைக் கண்டதுமே செயலி அனுப்பும் அளவைக் குறைக்கும். உங்கள் வீடியோ திடீரென்று மங்கலாவது பல நேரம் கோளாறு அல்ல. அழைப்பைக் காப்பாற்ற எடுத்த சரியான முடிவு. படத்தை மங்கலாக்கிக் குரலைக் காக்க வேண்டும். முகம் தெளியாவிட்டாலும் பேச்சு புரியும், பேச்சு போனால் முகத்தை வைத்து என்ன செய்வது?

அடுத்து, இழப்பை ஈடுகட்டல். எட்டாவது பாக்கெட்டுக்குள் ஏழாவதின் சுருக்கமான பிரதி ஒன்றையும் வைத்து அனுப்பலாம். ஏழு தொலைந்தால் எட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஓப்பஸில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. வீடியோவுக்கு, தாமதம் குறைவான பாதையாக இருந்தால், தொலைந்ததை அவசரமாகத் திரும்பக் கேட்டு வாங்கவும் நேரம் இருக்கும்.

பிரதியும் இல்லை என்றால் ஊகம். போன 20 மில்லிசெகண்டில் ஒலித்த ஓசையை நீட்டி, மெல்லத் தேய்த்து இடைவெளியை நிரப்பும். ஒரு துண்டு போனால் காதுக்குத் தெரியவே தெரியாது. அடுத்தடுத்து நாலைந்து போனால்தான் அந்த ரோபோ குரல் வரும். தடங்கலுக்குப் பின் எதிர்முனைக்காரர் திடீரென்று வேகமாகப் பேசுவது போலக் கேட்டிருக்கிறீர்களா? அவர் வழக்கம்போலத்தான் பேசினார். கையிருப்பில் சேர்ந்துவிட்ட தாள்களைச் சீக்கிரம் படித்து முடித்து, தாமதத்தைக் குறைக்கச் செயலி ஓசையைச் சற்றுச் சுருக்குகிறது.

நெட்வொர்க் என்ன செய்கிறது

4ஜி வழியான சாதாரண போன் அழைப்புக்கு வோல்ட்இ என்று பெயர். அதற்கு நெட்வொர்க்குக்குள் தனித் தடம் உண்டு. மொபைல் நெட்வொர்க்குகளுக்கு விதி வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் தரநிலையில், இந்தக் குரல் தடத்துக்கும் மற்ற எல்லாம் போகும் பொது டேட்டா தடத்துக்கும் எழுதி வைத்திருக்கும் எண்களைப் பாருங்கள். குரல் தடத்தில் தாமதம் 100 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். பாக்கெட் நூற்றில் ஒன்று தொலையலாம். பொது டேட்டா தடத்தில் தாமதம் 300 வரை போகலாம். தொலைவது பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. நேரத்தை இறுக்கிப் பிடிக்க, இழப்பில் பத்தாயிரம் மடங்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை சொல்ல வந்ததை அந்த நான்கு எண்களே சொல்லிவிடும்.

வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் அழைப்பு பொதுவாக அந்தத் தனித் தடத்தில் போவதில்லை. வீடியோ, பதிவிறக்கம், விளம்பரம் எல்லாம் போகும் பொதுத் தடத்தில்தான் அதுவும் போகிறது. கூட்டமான இடத்தில் செயலி அழைப்பு உடைந்து, சாதாரண அழைப்பு தெளிவாகக் கேட்டால் வியப்பில்லை.

பொதுத் தடத்தையே சீர்படுத்தும் முயற்சியும் நடக்கிறது. எல்4எஸ் என்ற முறைக்கான அடிப்படை ஆவணங்கள் 2023 ஜனவரியில் வெளியாயின. வரிசை லேசாக வளரும்போதே கருவிகள் பாக்கெட்டில் ஒரு குறியிட்டு எச்சரிக்கும். அனுப்புபவர் உடனே அளவைக் குறைப்பார். வரிசை நிரம்பி வழியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வழியிலுள்ள கருவிகளும் செயலிகளும் இரண்டுமே இதைப் பேசினால்தான் பலன்.

நம் கையில் உள்ளவை

முக்கியமான அழைப்புக்கு முன்னால் படங்களின் தானியங்கி பேக்கப்பையும் அப்டேட்டுகளையும் நிறுத்தி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வரிசையில் பாதி இதிலேயே கரைந்துவிடும்.

உங்கள் குரல் எதிர்முனையில் உடையத் தொடங்கினால் உங்கள் கேமராவை முதலில் அணையுங்கள். எதிரில் இருப்பவர் அணைத்தால் உங்கள் கீழ்நோக்கிய பாதை இலகுவாகும்; நீங்கள் அணைத்தால் பலவீனமான உங்கள் மேல்நோக்கிய பாதை இலகுவாகும். யார் குரல் உடைகிறதோ அவர் கேமராவை அணைப்பதுதான் பலன் தரும்.

வைஃபை எட்டியும் எட்டாமலும் உள்ள ஓரத்தில் நின்று பேசாதீர்கள். ஒன்று வைஃபைக்கு அருகில் வாருங்கள், இல்லாவிட்டால் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவிலேயே இருங்கள். அங்கும் இங்கும் தாவுவதுதான் கெடுதல். மொபைல் டேட்டாவில் என்றால் ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள். டவரை எட்டப் போன் படும் பாடு அங்கே குறையும். குறுக்கிட்டுப் பேசும் தொல்லை இருந்தால் ப்ளூடூத்தைக் கழற்றிவிட்டு ஒயர் உள்ள ஹெட்செட்டில் பேசிப் பாருங்கள். ப்ளூடூத்தும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும்.

ஸ்பீடு டெஸ்ட் போடுவதென்றால், எம்பிபிஎஸ் எண்ணைத் தாண்டிப் பிங் என்ற எண்ணைப் பாருங்கள். அது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில். சும்மா இருக்கும்போது ஒருமுறை பாருங்கள். அப்புறம் ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே இன்னொருமுறை பாருங்கள். முதலில் 40 என்று இருந்தது இரண்டாவதில் 800 என்று எகிறினால், உங்கள் குரல் எந்த வரிசையில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டது.